கிறிஸ்தவ மறைஞானம்: நமது வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வட்டத்தின் உறுப்பினர்களாகிய சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஜூன் முதல் இவ்வாண்டு மே வரை நமது வட்டம் செய்த பணிகளை இவ்வறிக்கையில் தங்கள் முன் வைக்கிறேன். சென்ற பொதுக்குழுவில் ஒரு சகோதரி, “மறைஞானிகள் என்று சொல்கிறீர்களே, அவர்களைப் புதிதாகப் படிக்க வருகிற என்னைப் போன்றவர்கள் எங்கிருந்து தொடங்குவது?” என்று கேட்டார். அந்தக் கேள்வியையே ஓராண்டுப் பாடமாக எடுத்துக்கொள்வதென்று அன்று தீர்மானித்தோம். மாதம் இருமுறை ஞாயிறு மாலைகளில் கூடினோம். கத்தோலிக்கரும் தென்னிந்தியத் திருச்சபையினரும் சேர்ந்தே அமர்ந்தோம். ஒருவர் ‘செபம்’ என்றும் மற்றவர் ‘ஜெபம்’ என்றும் சொல்வதால் எந்த இடர்ப்பாடும் வரவில்லை என்பதை மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறேன்.

முதல் கூட்டம் முழுவதும் ஒரு சொல்லிலேயே கழிந்தது. மறைஞானியைக் குறிக்கும் ‘மிஸ்டிக்’ என்ற ஆங்கிலச் சொல்லின் கிரேக்க வேர் மூடுவதை, மறைந்திருப்பதைக் குறிக்கும். தொடக்கக் காலத் திருச்சபை இச்சொல்லைத் தனிமனிதரின் அதிசய அனுபவத்துக்குப் பயன்படுத்தவில்லை; வேத எழுத்துக்குள் மறைந்திருக்கும் பொருளையும் திருமுழுக்கு, நற்கருணை போன்ற திருவருட்சாதனங்களில் மறைந்திருக்கும் கிறிஸ்துவையும் குறிக்கவே பயன்படுத்தியது. காட்சி, பரவசம் என்ற எண்ணம் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. தமிழில் ‘மறை’ என்பது வேதத்துக்கும் பெயர், ஒளிந்திருத்தலுக்கும் பெயர். ஆகவே ‘மறைஞானம்’ என்று நாம் சொல்லும்போது அந்தப் பழைய பொருளுக்கு மிக அருகில் நிற்கிறோம். இதை எடுத்துச் சொன்னவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியரான நம் உறுப்பினர். அதன் பிறகே, நாம் தேடுவது விந்தை நிகழ்ச்சிகளை அல்ல என்ற தெளிவு எங்களுக்கு ஏற்பட்டது.

அடுத்து நேர்ந்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். அதற்கு நானே பொறுப்பு. பாடத்திட்டத்தைக் கால வரிசையில் அமைத்தால் எளிதாக இருக்கும் என்று எண்ணி, தியோனிசியு என்ற புனைபெயரில் 500ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய அறிஞரின் சிறு நூலை ஜூலையில் வைத்தேன். புனித பவுல் ஏதென்சில் பேசியபோது மனம் மாறியவராகத் திருத்தூதர் பணிகள் நூல் குறிப்பிடும் மனிதரின் பெயரையே அவர் தமக்குச் சூட்டிக்கொண்டார். நூல் ஐந்தே அதிகாரங்கள்தான். ஆனால் கடவுளைப் பற்றிச் சொல்லக்கூடிய ஒவ்வொன்றையும் ‘அதுவும் அன்று, இதுவும் அன்று’ என்று விலக்கிக்கொண்டே போய், கடைசியில் அந்த மறுப்பையும் மறுத்து நிற்கும் அதன் போக்கு, புதியவர்களைத் திகைக்க வைத்தது. அடுத்த கூட்டத்துக்கு வந்தவர்கள் பாதிப் பேர் கூட இல்லை. பின்னால் வந்த எத்தனையோ ஞானிகளுக்கு ஊற்றாக இருந்த நூல் அது என்பதில் ஐயமில்லை. எனினும் ஊற்றைக் காட்டிவிட்டால் மட்டும் தாகம் தீர்ந்துவிடாது என்பதை அந்த ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டேன். நிர்வாகக் குழு கூடிப் பேசி, ஆகஸ்டு முதல் பாடத்தை மாற்றியது.

மாற்றாக நாங்கள் எடுத்தது, ஸ்பெயின் நாட்டு அவிலா நகரின் புனித தெரசாள் (1515–1582) எழுதிய தன்வரலாறு. 1970இல் திருச்சபையின் மறைவல்லுநராக, அதாவது திருச்சபை முழுமைக்கும் ஆசிரியராக, அறிவிக்கப்பட்ட முதல் பெண் அவரே. என்றாலும் அந்தப் பட்டத்தைப் பார்த்து நாங்கள் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. பதினெட்டு ஆண்டுகள், நற்கருணை வாங்கிய வேளை தவிர, கையில் ஒரு புத்தகம் இல்லாமல் செபத்தில் அமரத் தமக்குத் துணிவு வந்ததில்லை என்று அவர் ஒளிக்காமல் எழுதுகிறார். வாசகர் வட்டம் ஒன்றுக்கு இதைவிட நெருங்கிய துணை யார் கிடைப்பார்கள்? 1559இல் ஸ்பெயினின் சமய விசாரணை மன்றம் தாய்மொழியில் இருந்த பல பக்தி நூல்களைத் தடை செய்தபோது, இலத்தீன் அறியாத அவர் மிகவும் வருந்தினார். ‘வருந்தாதே, நான் உனக்கு உயிருள்ள நூலைத் தருவேன்’ என்று ஆண்டவர் தம்மிடம் கூறியதாக எழுதிவைத்தார். இப்பகுதியைப் படித்த மாலையில் அவையில் நெடுநேரம் யாரும் பேசவில்லை.

அந்நூலின் பதினோராம் அதிகாரத்தில் தொடங்கும் தோட்ட உவமையில் நாங்கள் நான்கு கூட்டங்களைச் செலவிட்டோம், அவை வீண்போகவில்லை. ஆன்மா களை மண்டிய தரிசு நிலம். களையைப் பிடுங்கி நல்ல செடிகளை நட்டவர் ஆண்டவர். செடிகள் வாடாமல் தண்ணீர் ஊற்றிக் காப்பது தோட்டக்காரனாகிய நம் வேலை. தண்ணீர் பாய்ச்ச நான்கு வழிகள் உண்டு: கிணற்றிலிருந்து கையால் இறைப்பது, வாளிகள் கோத்த சக்கரத்தைச் சுற்றி இறைப்பது, ஆற்றிலோ ஓடையிலோ இருந்து பாய்ச்சுவது, மழை பெய்வது. முதல் வழி, மனத்தை இழுத்துப் பிடித்துத் தியானிக்கும் தொடக்க நிலையினரின் உழைப்பு. இரண்டாவதில் உழைப்பு குறைந்து தண்ணீர் கூடுகிறது. உள்ளம் ஓர் அமைதியில் தங்கத் தொடங்குகிறது. மூன்றாவதில் நிலம் ஆழமாக நனைகிறது. தோட்டக்காரனுக்கு வாய்க்காலைத் திருப்பிவிடும் வேலைதான். நான்காவதில் அவன் செய்ய எதுவுமே இல்லை.

இளம் வயதில் கமலை ஓட்டிய நம் மூத்த உறுப்பினர் ஐயா ஒருவர் இந்த இடத்தில் பேசியதை அப்படியே குறித்துவைத்திருக்கிறேன். சக்கரம் வேறு, கமலை வேறு என்றாலும் கணக்கு ஒன்றுதான் என்று தொடங்கிய அவர், “கமலை இறைச்சவனுக்கு மழையோட அருமை தெரியும். வாய்க்கா தண்ணிக்கு முறை வெச்சுக் காத்துக் கிடந்தவனுக்கு இன்னும் நல்லாத் தெரியும். ஆனா மழையை வரச் சொல்லி யாரும் வேலைக்குப் போறதில்ல, நிலத்தைத் தயாரா வெச்சிருக்கத்தான் போறோம்” என்றார். ஆழ்நிலைச் செபம் நம் முயற்சியால் அடையும் திறமை அன்று, கொடையாக வருவது என்று இறையியலாளர் பல பக்கங்களில் விளக்குவதை அவர் மூன்று வாக்கியங்களில் முடித்துவிட்டார்.

கிணறே வற்றிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் எங்களை அதிகம் தொட்ட கேள்வி. தெரசாளே அதைக் கேட்டு, அதற்குப் பதிலும் சொல்கிறார்: நல்ல தோட்டக்காரன் தன்னால் ஆனதைச் செய்துகொண்டிருந்தால், தண்ணீர் இல்லாமலே பூக்களைக் காத்து வளர்க்க ஆண்டவருக்குத் தெரியும். செபத்துக்கென்று குறித்த நேரம் எப்போது முடியும், கடிகாரம் எப்போது அடிக்கும் என்று காத்திருந்த ஆண்டுகள் தமக்கும் இருந்தன என்று வேறோர் இடத்தில் அவர் ஒப்புக்கொள்கிறார். செபத்தில் ஒன்றுமே உணர முடியவில்லை, அதனால் தனக்கு விசுவாசமே இல்லையோ என்று அஞ்சி நம்மை விட்டு விலகவிருந்த ஓர் இளைஞர், இந்தப் பகுதிகளைப் படித்த பிறகு தொடர்ந்து வருகிறார். இவ்வாண்டின் பயனாக ஒன்றை மட்டும் குறிப்பிடச் சொன்னால் நான் இதையே குறிப்பிடுவேன்.

நவம்பர் முதல் புனித சிலுவை அருளப்பரைப் (1542–1591) படித்தோம். தெரசாளோடு சேர்ந்து, இருவரும் உறுப்பினராயிருந்த கார்மேல் துறவற சபையைச் சீர்திருத்த முயன்றதற்காக, அதை எதிர்த்த அதே சபைத் துறவிகளால் 1577 டிசம்பரில் பிடிக்கப்பட்டு, தொலேதோ நகர மடத்தில் ஒரு சிற்றறையில் ஏறத்தாழ ஒன்பது மாதம் அடைபட்டுக் கிடந்தார். தம் பாடல்களில் சிலவற்றை அந்த இருட்டில்தான் புனைந்தார். 1578 ஆகஸ்டில் அங்கிருந்து தப்பினார். அவரைப் படிக்கும் புதியவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகளைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

முதலாவது, காட்சிகளைப் பற்றியது. கனவில் ஒளி கண்டேன், குரல் கேட்டேன் என்று சொல்லி அதன் பொருளை அறிய வட்டத்துக்கு வருகிறவர்கள் உண்டு. அவர்களை நாம் அன்போடுதான் வரவேற்கிறோம். ஆனால் அருளப்பர், புலன்களுக்குத் தோன்றும் இத்தகைய காட்சிகளைப் பற்றிக்கொள்ளக் கூடாது, நல்லதா தீயதா என்று ஆராய்ந்துகொண்டும் இருக்கக் கூடாது என்கிறார். அவை கடவுளிடமிருந்து வந்தவையானால், வந்த கணத்திலேயே ஆன்மாவில் தம் வேலையை முடித்துவிடுகின்றன. நாம் பிடித்துவைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. தந்தை தம் ஒரே வார்த்தையாகிய மகனில் எல்லாவற்றையும் பேசிவிட்டார் என்பதே அவருடைய உறுதியான முடிவு.

இரண்டாவது, செபத்தில் எல்லாம் வறண்டு கடவுள் விலகிவிட்டாற்போல் தோன்றும் நிலைக்கு அவர் இட்ட ‘இருண்ட இரவு’ என்ற பெயரைப் பற்றியது. எந்தத் துயரத்துக்கும் இப்பெயரைச் சூட்டும் வழக்கம் இன்று பரவியிருக்கிறது. அருளப்பரோ மூன்று அடையாளங்களைச் சேர்த்தே கேட்கிறார்: கடவுளுக்கடுத்தவற்றில் சுவை இல்லை, உலகப் பொருள்களிலும் சுவை இல்லை; கடவுளுக்குச் சரியாக ஊழியம் செய்யவில்லையே என்ற கவலை ஓயாமல் அரிக்கிறது; முன்போலக் கற்பனையைக் கொண்டு தியானிக்க முயன்றாலும் முடியவில்லை. உலக இன்பம் மட்டும் இனித்தால் அது இரவு அன்று. கவலையே இல்லாவிட்டால் அது வெறும் மந்தம். உடல் மன நோயாலும் இப்படி நேரலாம் என்பதை அவர் அந்தக் காலத்திலேயே அறிந்து எழுதியிருக்கிறார். ஆகவே தூக்கமின்மை, நீங்காத மனச்சோர்வு என்று வருகிறவர்களிடம் மருத்துவரைப் பார்க்கும்படி முதலில் சொல்வது நம் கடமை என்று நிர்வாகக் குழு ஒருமனதாகத் தீர்மானித்துள்ளது. இதை உறுப்பினர்கள் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டுகிறேன்.

வாசிப்போடு நில்லாமல், ஜனவரி முதல் ஒவ்வொரு கூட்டத்தையும் இருபது நிமிட மௌனத்தோடு தொடங்கினோம். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களாகிய நமக்குத் ‘தியானம்’ என்றால் ஒலிபெருக்கி வைத்து மூன்று நாள் நடக்கும் பிரசங்கம் என்ற பொருள் பழகிவிட்டதால், சும்மா இருப்பது முதலில் கூச்சமாகவே இருந்தது. மனம் அலைவதைத் தடுக்கச் சிறு செபம் ஒன்றைப் பற்றிக்கொள்வது பழைய வழி. ‘கடவுளே, எனக்குத் துணை செய்ய விரைந்து வாரும்’ என்ற பொருளுடைய திருப்பாடல் வரியை, எகிப்தியப் பாலைநிலத் துறவிகளிடம் பயின்ற காசியான் பரிந்துரைக்கிறார். கீழைத் திருச்சபையினர் ‘ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்’ என்று இயேசுவின் பெயரைச் சொல்லும் செபத்தை மூச்சோடு இசைத்துச் சொல்கிறார்கள். பதினான்காம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தம் பெயரைச் சொல்லாமல் எழுதிய ஒருவர், ஓரசைச் சொல் ஒன்றே போதும், அதைக் கொண்டு கடவுளுக்கும் நமக்கும் நடுவே நிற்கும் அறியாமை என்னும் மேகத்தை மோதிக்கொண்டே இருங்கள் என்றார். தமிழில் அதற்கு எந்தச் சொல் பொருந்தும் என்று ஒரு மாலை முழுவதும் பேசினோம். ‘தேவா’ என்றார் ஒருவர், ‘அப்பா’ என்றார் ஒருவர், ‘அன்பே’ என்றார் இன்னொருவர். முடிவு எட்டவில்லை, எட்ட வேண்டிய தேவையும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மார்ச்சில், குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில் உள்ள சச்சிதானந்த ஆசிரமமாகிய சாந்திவனத்துக்கு ஒருநாள் பயணம் சென்றுவந்தோம். பிரெஞ்சு நாட்டு அருட்தந்தையர் மோன்ஷனன், அபிஷிக்தானந்தர் இருவரும் 1950இல் தொடங்கிய ஆசிரமம் அது. 1968இல் அங்கு வந்த ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ் 1993இல் மறையும்வரை அதை வழிநடத்தினார். இந்துத் துறவு மரபோடு கிறிஸ்தவ வாழ்வை இணைக்க முயன்ற அவர்களுடைய இறையியலில் எல்லாவற்றையும் ஏற்க முடியாது என்று நினைக்கும் உறுப்பினர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பேருந்தில் திரும்பும்போது அது குறித்து நீண்ட விவாதம் நடந்தது. ஆயினும் அந்த மரநிழலின் அமைதியை எல்லோரும் மெச்சினார்கள்.

ஜெர்மன் ஞானி எக்கார்ட்டின் மறையுரைகளை ஒரே ஒரு கூட்டத்தில் தொட்டுச் சென்றோம். அவர் மறைந்த பின், 1329இல் திருத்தந்தை அவருடைய கூற்றுகள் 28ஐக் கண்டித்தார் என்பதே, அவரைத் தக்க துணையின்றிப் படிக்கக் கூடாது என்பதற்குப் போதிய காரணம். மாறாக, பாரிஸ் கார்மேல் மடத்தின் சமையற்கட்டில் உழைத்த சகோதரர் லாரன்ஸ் (1614–1691) நம் இல்லத்தரசிகளின் உள்ளங்கவர்ந்தவரானார். பாத்திரங்களின் இரைச்சலுக்கு நடுவிலும், நற்கருணை முன் முழங்காலிட்டிருப்பதைப் போன்ற அமைதியில் கடவுளைத் தாம் உடைமையாகக் கொண்டிருப்பதாக அவர் கூறினார். தெரசாளும் தம் கன்னியருக்கு, சட்டி பானைகளுக்கு நடுவிலும் ஆண்டவர் உலவுகிறார் என்றே எழுதினார். ‘மறைஞானம் துறவிகளுக்குத்தானே?’ என்று ஆண்டின் தொடக்கத்தில் கேட்ட சகோதரியிடமிருந்து அந்தக் கேள்வி அதன்பின் எழவில்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆங்கிலப் பதிப்புகளிலிருந்து பகுதிகளைத் தமிழாக்கிப் படியெடுத்துத் தந்த இரு உறுப்பினர்களுக்கும், கூடத்தைக் கட்டணமின்றித் தந்த பங்குத்தந்தைக்கும், கூட்டந்தோறும் சுக்குக் காப்பி கொண்டுவந்த அம்மாவுக்கும் வட்டத்தின் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

வரும் ஆண்டில், ஆன்மாவை ஏழு மாளிகைகள் கொண்ட கோட்டையாக உருவகித்துத் தெரசாள் 1577இல் எழுதிய அகக்கோட்டை நூலை ஒரு காலாண்டுக்கு இரண்டு மாளிகைகள் என்ற அளவில் வாசிக்கலாம் என்பது நிர்வாகக் குழுவின் பரிந்துரை. அதன் ஏழாவது, கடைசி மாளிகையில் பரவசத்தை எதிர்பார்த்துச் செல்கிறவர்கள், நற்செய்தியில் பணிவிடை செய்த மார்த்தாவும் ஆண்டவரின் காலடியில் அமர்ந்து கேட்ட அவள் சகோதரி மரியாவும் சேர்ந்தே ஆண்டவரை உபசரிக்க வேண்டும், செபத்திலிருந்து பிறக்க வேண்டியவை செயல்களே என்று படிப்பார்கள். அதையொட்டி, அந்தக் காலாண்டில் மட்டும் மாதத்தின் இரண்டாவது கூட்டத்தை முதியோர் இல்லத்தில் உணவு பரிமாறும் பணியாக மாற்றலாமா என்பதை அவை முடிவு செய்ய வேண்டுகிறேன். இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்