கர்ப்பகாலக் கையேட்டுக்குக் கைகொடுத்த அனைவருக்கும் நன்றி

அன்புடையீர்,

கர்ப்பகாலத்தில் உடலிலும் மனத்திலும் வரும் மாற்றங்களைப் பற்றிய கையேடு அச்சுக்குப் போய்விட்டது. ஒரு மாற்றம் ஏன் வருகிறது, எந்த அளவைத் தாண்டினால் மருத்துவரிடம் போக வேண்டும் என்ற இரண்டுக்கும் பக்கத்துக்குப் பக்கம் பதில் இருக்கிறதென்றால் அது உங்களால்தான். எதற்காக நன்றி என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

மகப்பேறு மருத்துவர்களே, மசக்கையை ஒரே வரியில் முடித்துவிட நீங்கள் விடவில்லை. பெரும்பாலும் 6ஆம் வாரத்தையொட்டித் தொடங்கி, 9, 10ஆம் வாரங்களில் உச்சத்துக்குப் போய், 16ஆம் வாரத்துக்குள் பலருக்கும் அடங்கிவிடும். ஆனால் குடித்த தண்ணீர்கூடத் தங்காமல், சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாகி, கர்ப்பத்துக்கு முன்பிருந்த எடையில் 5 சதவீதம் இறங்கிவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்கக் கூடாது, டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும். 50 கிலோ இருந்தவருக்கு அது இரண்டரை கிலோ என்று கணக்கோடு எழுதச் சொன்னது பேருதவி.

ரத்தப் பரிசோதனைப் பகுதியைத் திருத்தித் தந்த ஆய்வக நண்பர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் நாங்கள் பட்ட கடன் பெரிது. கர்ப்பத்தில் ரத்தத்தின் மொத்த அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. நீர்ப்பகுதி கூடும் வேகத்துக்குச் சிவப்பணுக்கள் ஈடுகொடுப்பதில்லை என்பதால் ஹீமோகுளோபின் இறங்கிக் காட்டும். அதனால்தான் ரத்தசோகைக்கான எல்லைக்கோடு முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் 11 கிராம், நடு மூன்று மாதத்தில் 10.5 கிராம். ஐந்தாம் மாதத்தில் 10.7 என்று வந்தால் அதை மட்டும் வைத்து யாரும் கலங்க வேண்டாம்.

இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காக விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறவில்லையே என்று கேட்பவர்கள் பலர். டீ, காபியோடு அல்லது கால்சியம் மாத்திரையோடு சேர்த்து விழுங்குவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அட்டையில் உள்ள எடை முழுவதும் இரும்பும் அல்ல. இந்த மாத்திரையில் இருக்கும் இரும்பு உப்பான ஃபெரஸ் சல்பேட் (உலர்) 200 மி.கி. என்றால், அதில் இரும்பு சுமார் 65 மி.கி.தான். மலம் கறுப்பாகப் போவது பலரை மிரட்டி மாத்திரையை நிறுத்த வைக்கிறது. அது உடல் ஏற்காத இரும்பின் நிறம். வயிற்றைப் புரட்டினால் இரவு உணவுக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். கொஞ்சம் குறைவாகச் சேர்ந்தாலும் அடியோடு விடுவதைவிட மேல்.

மூக்கடைப்பு, ஈறில் ரத்தக் கசிவு, நெஞ்செரிச்சல், இடுப்பு வலி ஆகியவற்றுக்கு ஹார்மோன்களும் வளரும் கருப்பையும் எப்படிக் காரணமாகின்றன என்று எளிமையாக விளக்கிய செவிலியர்களுக்கு நன்றி. அதைவிட, ரத்த அழுத்தம் பார்க்கும் முறையைப் படிப்படியாக எழுதியதற்கு. ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, கை இதய மட்டத்தில் இருக்க, கைக்கு ஏற்ற பட்டையால் அளக்க வேண்டும். பட்டை சிறிதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். மாலையில் கணுக்கால் வீங்குவது சகஜம். 20 வாரத்துக்குப் பிறகு 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினாலோ, திடீரென முகமும் கையும் வீங்கினாலோ, தீராத தலைவலி, கண் மங்கல், விலா எலும்புக்குக் கீழே வலி வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தடிப்பே இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் அரித்தால், கல்லீரலில் பித்தம் தேங்குகிறதா என்று பார்க்கும் பித்த அமில ரத்தப் பரிசோதனை தேவை என்ற வரியும் நீங்கள் சேர்த்ததுதான்.

மனநல ஆலோசகர்கள் இல்லையென்றால் கையேடு பாதியாகத்தான் இருந்திருக்கும். சோர்வு, தூக்கக் கேடு, பசி மாற்றம் எல்லாம் கர்ப்பத்திலேயே வருவதால் மனச்சோர்வு அவற்றுக்குள் மறைந்துகொள்கிறது. மனச்சோர்வு இருக்கிறதா என்று அறிய உதவும், 1987இல் வெளிவந்த எடின்பரோ அளவுகோலின் 10 கேள்விகளும் கடந்த 7 நாட்களின் மனநிலையைத்தான் துருவுகின்றன. தூக்கத்தைப் பற்றிய கேள்வியும், மனவருத்தத்தால் அது கெட்டதா என்றே கேட்கிறது. கடைசிக் கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு ‘இல்லவே இல்லை’ தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், மொத்த மதிப்பெண் எவ்வளவானாலும், அன்றே உதவி கிடைக்கச் செய்ய வேண்டும் என்பதில் நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. ஏற்கெனவே மனநல மருந்து எடுப்பவர், கர்ப்பம் உறுதியானதும் தானாக நிறுத்திவிடக் கூடாது என்ற எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம். “எல்லாம் ஹார்மோன்தான்” என்று வீட்டார் தட்டிக்கழிப்பதைப் பற்றிய பத்தி, அவர்களும் படிக்கட்டும் என்று முதல் பக்கங்களுக்கே வந்துவிட்டது.

நிறைவாக, கைப்பிரதியை வரி வரியாகப் படித்துத் தந்த தாய்மார்களுக்கு. குழந்தையின் அசைவு முதல் கர்ப்பத்தில் பெரும்பாலும் 18 முதல் 20 வாரத்தில் தெரியவரும் என்பதோடு நாங்கள் நின்றிருந்தோம். கடைசி வாரங்களில் இடம் குறைவதால் அசைவும் குறையும் என்ற தவறான பேச்சு இன்னும் உலவுகிறது என்று சொன்னவர்கள் நீங்கள். உதை மாறி நெளிவாகத் தெரியலாம், எத்தனை முறை என்பது குறையக் கூடாது. வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால், இரவானாலும் விடியும்வரை காத்திராமல் போய்ப் பார்க்க வேண்டும். நீங்கள் கேட்டபடியே அது பின்னட்டையில் வருகிறது.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
கையேடு தொகுப்புக் குழுவினர்