பிளாச்சிமடையில் பேசுவது தமிழ்தான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் தண்ணீர் வியாபாரம் பற்றிய ஆவணப்படங்களுக்கு மூன்று பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். சந்தோஷமாகத்தான் பிரித்தேன். பொலிவியாவில் கோச்சபாம்பா நகரத்து மக்கள் 2000-ல் தெருவில் இறங்கி, தண்ணீர் ஒப்பந்தத்தையே ரத்து செய்ய வைத்த கதைக்கு இரண்டு பக்கத்துக்கு மேல் கொடுத்திருந்தீர்கள். கொடுக்க வேண்டியதுதான். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், நம் எல்லையோரம் இருக்கும் பிளாச்சிமடை கிராமத்துக்கு வந்தபோது மட்டும், “குடத்தோடு நிற்கும் பெண்கள் மலையாளத்தில் புலம்பும் காட்சிகள் சலிப்பூட்டுகின்றன” என்று உங்கள் விமர்சகர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இரண்டு நாளாக அந்த வரி மனதை அறுக்கிறது. ஐயா, அவர்கள் பேசுவது தமிழ். அங்குள்ள இரவாளர், மலசர் பழங்குடி மக்கள் வீட்டில் பேசுவதும் தமிழ்தான். கொஞ்சம் மலையாளம் கலந்து வரும். பொள்ளாச்சிக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நான் ஆனைமலைப் பக்கம் ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்தவள். 2003 கோடை விடுமுறையில் அங்கே போனேன். நிலத்தடி நீரை உறிஞ்சிக் கிணறுகளைக் கெடுத்துவிட்டது என்று, கோகோ கோலா குளிர்பான ஆலை வாசலுக்கு எதிரே ஓலைப் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பாட்டி கிணற்றுத் தண்ணீரைச் சொம்பில் கொடுத்து, “குடிச்சிராத கண்ணு, நாக்குல மட்டும் வெச்சுப் பாரு” என்றார். வாயில் வைக்க முடியவில்லை. அதில் பருப்பு வேகாது, வடித்த சோறு சாயங்காலம் வரை தாங்காது, குளித்தால் உடம்பு அரிக்கும் என்றார்கள். நல்ல தண்ணீருக்காக நடந்தே பொழுது போய், கூலி வேலையும் கெட்டதாம். உங்கள் விமர்சகருக்கு இதுதான் புலம்பல்.

அவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தது 2002 ஏப்ரல் 22 அன்று. முன்னால் நின்றவர் இரவாளர் சமூகத்து மயிலம்மா. மறு வருடம் பெருமாட்டிப் பஞ்சாயத்து ஆலையின் லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. மயிலம்மா 2007-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். சேதம் 216 கோடி ரூபாய் என்று கேரள அரசின் குழு 2010-ல் கணக்குச் சொன்னது. இழப்பீட்டுக்குத் தீர்ப்பாயம் அமைக்க 2011-ல் சட்டசபை மசோதாவும் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. இத்தனையும் நம் ஊரிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரத்தில் நடந்தது.

உங்களுக்குத் தெரியாத செய்தி எதையும் நான் சொல்லிவிடவில்லை. தாமிரபரணித் தண்ணீரைக் குளிர்பான ஆலைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற வழக்கை 2017 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தள்ளுபடி செய்தபோது, நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். வரவில்லை. சரி, இடமில்லை போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன். அடுத்த வாரமே பின் அட்டை முழுக்கக் குளிர்பான விளம்பரம். அப்போதும் சந்தாவை நிறுத்தவில்லை. அப்புறம் 2018-ல், கோவையின் குடிநீர் விநியோகத்தை 26 வருடத்துக்கு வெளிநாட்டுக் கம்பெனியிடம் ஒப்படைக்க ஒப்பந்தம் போட்டார்கள். நீங்கள் போட்டது ‘இனி 24 மணி நேரமும் தண்ணீர்’ என்று ஒரு பெட்டிச் செய்தி. அந்த ஊரில் வாடகை வீட்டில் இருக்கும் என் மகள், பத்து நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீரைப் பிடிக்க ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்துப் படுத்துக்கொண்டிருந்தாள். வெட்டி எடுத்து அனுப்பிய உங்கள் பெட்டிச் செய்தியைப் படித்துவிட்டு, “ஏம்மா இதை வாங்குற?” என்றுதான் கேட்டாள்.

விமர்சகரை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அந்தக் கட்டுரையோடு போட்ட புகைப்படத்துக்குக் கீழே ‘குடங்களுடன் கேரளப் பெண்கள்’ என்று இருக்கிறது. நடுவில் நிற்பவர் மயிலம்மா. அடுத்த இதழில் அந்தப் பெயரை மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
21 வருடச் சந்தாதாரர்,
ஆனைமலை.