எண்ணிக்கை சரி, வேலை?

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தைக்குத் திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டி, ஈரலில்கூடக் கட்டி. ஆனால் வெள்ளணு எண்ணிக்கையில் குறை இல்லை. ‘எதிர்ப்புச் சக்தி நன்றாகத்தான் இருக்கிறது’ என்று விட்டுவிடுகிறோம். சி.ஜி.டி. எனப்படும் க்ரானிக் கிரானுலோமேட்டஸ் டிசீஸ் இப்படித்தான் கண்ணில் படாமல் போகிறது. இந்தப் பரம்பரை நோயில் வெள்ளணு கிருமியை விழுங்கிவிடும். விழுங்கியதைக் கொல்லும் நொதிதான் வேலை செய்யாது.

அந்த நொதி வேலை செய்யாததைக் காட்டும் ரத்தப் பரிசோதனைதான் டி.எச்.ஆர். மதுரையிலிருந்து வெளியூர் ஆய்வகத்துக்கு ரத்தம் போகும் வழியில்தான் வம்பு. பச்சை மூடி ஹெப்பாரின் குழாயில் எடுத்து, ஐஸ் வைக்காமல், வெயிலும் படாமல், 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். உறவில்லாத, நோயில்லாத ஒருவரின் ரத்தமும் கூடவே போகட்டும். அதுவும் சரியாக வராவிட்டால் கோளாறு பயணத்தில். தாயின் ரத்தத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதில் ஒரு பகுதி அணுக்கள் மட்டும் வேலை செய்தால், நோய் தாய்வழி வந்தது. தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டும் நம் பக்கத்தில் தாய், தந்தை இருவழியும் சேர்ந்து வரும் வகையும் உண்டு. அது பெண்பிள்ளையையும் விடாது.

ஒரு பிள்ளைக்கு இருந்தால், அடுத்த பிள்ளைக்கு டி.எச்.ஆர். முடிவு வரும்வரை பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியைப் போடக் கூடாது. அது உயிருள்ள கிருமி. ஊசி போட்ட பக்கத்து அக்குளில் நெறிகட்டிப் புண்ணாகும், சில நேரம் உடலெங்கும் பரவும். அதற்காக எந்தத் தடுப்பூசியும் வேண்டாம் என்பது தவறு. போலியோ சொட்டும் தட்டம்மை ஊசியும் அவசியம்.

பாக்டீரியாவைத் தடுக்கும் கோட்ரைமாக்சசோல், பூஞ்சையைத் தடுக்கும் இட்ராகோனசோல் இரண்டும் உடம்பு நன்றாக இருக்கும் நாளிலும் தொடர வேண்டும். இட்ராகோனசோல் மாத்திரையானால் சாப்பாட்டுடன், சிரப்பானால் வெறும் வயிற்றில். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் இட்ராகோனசோல் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது.

மாட்டுத்தொழு, குப்பைக்குழி, வைக்கோல் படப்பு, கண்மாய்க் குளியல் ஆகாது. பூஞ்சை பிடித்த மட்கிய குப்பையைக் கிளறிய சில நாளில் காய்ச்சலும் மூச்சிரைப்பும் வந்தால், கிளறிய விஷயத்தை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் தேவைப்படும். வெறும் நிமோனியா என்று ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்தால் நாள் வீணாகும்.

முழுக் குணம் ஸ்டெம்செல் மாற்றுச் சிகிச்சையில்தான். 2021 தேசிய அரிய நோய்க் கொள்கையின் முதல் பிரிவில் இந்நோய் இருக்கிறது. அறிவிக்கப்பட்ட சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. கொடையாளியாக உடன்பிறந்தவரைப் பார்க்கும்போது அவருக்கும் டி.எச்.ஆர். எடுங்கள். பொருத்தம் கச்சிதமாக இருந்து அவருக்கும் இதே நோய் இருந்தால், அந்தத் தானம் உதவாது.

குழந்தைநல மருத்துவர்கள் இருவர்,
மதுரை