மொட்டை மாடி எவ்வளவு தாங்கும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகர வீடுகளின் மொட்டை மாடிகளை நவீன முறையில் அழகுபடுத்துவது குறித்துத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மரப்பலகைத் தளம், பெர்கோலா என்னும் நிழற்பந்தல், செயற்கைப் புல், வாழையும் முருங்கையும் நிற்கும் பெரிய தொட்டிகள் என்று படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால், இத்தனையையும் சுமக்கப்போகும் கான்கிரீட் தளத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. கட்டடப் பொறியாளனாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்தக் குறையைச் சுட்டிக்காட்டவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கட்டடங்களின் சுமையை வரையறுக்கும் இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875, ஆள் நடமாட்டமுள்ள மொட்டை மாடிக்கு ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோ என்ற அளவிலேயே பயன்பாட்டுச் சுமையைக் கணக்கில் கொள்ளச் சொல்கிறது; பராமரிப்புக்கு மட்டும் ஏறும் மாடி என்றால் அதில் பாதிதான். அந்த 150 கிலோவைச் சதுர அடிக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 14 கிலோ. துணி காயப்போடவும், வடாம் பிழியவும், கோடை இரவில் பாய் விரித்துப் படுக்கவும் இது தாராளம். தோட்டத்துக்கு இது போதாது. ஒரு அடி ஆழத்துக்குச் செம்மண் நிரப்பித் தண்ணீர் விட்டால் சதுர அடிக்கு 50 கிலோ வரும். 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்து அதில் வாழை வைப்பது இப்போது பரவலாகிவிட்டது. ஈரமண்ணோடு அந்த அரை டிரம் சுமார் 170 கிலோ எடை இருக்கும், அது உட்காரும் இடமோ மூன்று சதுர அடிகூட இல்லை. அப்படி ஒரு டிரம்மை வைத்ததும் தளம் இடிந்து விழுந்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. வடிவமைப்பில் பாதுகாப்புக்கென்று கூடுதல் வலிமை சேர்க்கப்பட்டிருக்கிறது; சுற்றியுள்ள தளமும் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். ஆனால் படத்தில் அழகாக இருக்கிறது என்பதற்காகப் பத்து டிரம்களை அறையின் நடுப்பகுதிக்கு மேலே வரிசையாக நிறுத்தினால், அந்தச் சுமை இரவு பகலாக, ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும். தளம் மெல்லத் தொய்யும், தொய்ந்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், கீழ்ப்புறத்தில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும்.

இதில் பலரும் கவனிக்காத இன்னொன்று, ஏற்கெனவே மாடியில் ஏறியிருக்கும் சுமை. ஒழுகுகிறது என்ற புகார் வரும்போதெல்லாம், மாடித் தரையில் பதித்த பழைய தட்டோட்டைப் பெயர்த்தெடுக்காமல் அதன்மேலேயே இரண்டு அங்குலம் கான்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டிவிடுவது நம் ஊர் வழக்கம். பெயர்த்தால் குப்பை அள்ளும் செலவு தனி என்று மேஸ்திரி சொல்வார், நாமும் தலையாட்டிவிடுவோம். அந்த இரண்டு அங்குலமே சதுர அடிக்குப் பத்து கிலோவுக்கு மேல் எடை. மேலே சொன்ன 14 கிலோவில் மீதி என்ன இருக்கிறது என்று வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

எடைக்கு அடுத்தது ஈரம். சென்னையில், அதிலும் கடலையொட்டிய பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற பகுதிகளில், உப்புக் காற்றே கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கப் போதுமானது. தளமும் எந்நேரமும் ஈரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். துரு, தான் அரித்த இரும்பைப் போலப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், கான்கிரீட்டை உள்ளிருந்தே தள்ளிப் பெயர்க்கிறது. கூரையில் காரை உதிர்ந்து கம்பி தெரியும் வீடுகளில் நடந்திருப்பது இதுதான். மரப்பலகைத் தளம் அமைக்கும் சில ஒப்பந்ததாரர்கள் சட்டங்களை மூன்று அங்குல ஸ்குரூ கொண்டு நேராகத் தட்டோட்டில் முடுக்குவதை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ஸ்குரூவும் நீர்த்தடுப்புப் பூச்சில் ஒரு துளை. பலகைகளை உயரம் மாற்றக்கூடிய தாங்கிகளின் மேல், தளத்தைத் துளைக்காமல் அமைக்க வேண்டும். மழைநீர்க் குழாயின் வாய் அமைந்த இடத்திலாவது கையால் தூக்கி எடுக்கும்படி பலகை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடியில் சேரும் சருகை யாரும் அள்ளப்போவதில்லை. ஐப்பசி மழையில் மாடியே குளமாகிவிடும். செயற்கைப் புல்லைப் பற்றி ஒரு வார்த்தை: சித்திரை வெயிலில் அதன்மேல் வெறுங்காலோடு நடந்து பார்த்தவர் இரண்டாவது முறை வாங்கமாட்டார்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பகுதிகளில் இன்னும் மிஞ்சியிருக்கும் பழைய வீடுகளுக்குத் தனி எச்சரிக்கை தேவை. அவற்றின் மாடி கான்கிரீட்டே அல்ல. தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் காரையைக் கொட்டி, கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கிய 'மெட்ராஸ் டெரஸ்' அது. சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திரத்தின் முனையில் ஈரம் இறங்கினால் மரம் உளுத்துப்போகும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இத்தகைய மாடியில், சுவரோரம் நாலைந்து துளசி, கற்றாழைத் தொட்டிகளுக்கு மேல் எதுவும் வேண்டாம் என்பதே என் கருத்து.

இவற்றால் மாடித்தோட்டமே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். கனமான தொட்டிகளை பீம் அல்லது சுவர் செல்லும் கோட்டுக்கு நேர்மேலே வைக்கலாம். நடுப்பகுதியை நடக்கவும் உட்காரவும் விட்டுவிடலாம். செம்மண்ணைக் குறைத்துத் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கூட்டினால் எடை ஏறக்குறைய பாதியாகிவிடும். நார்க்கழிவை உப்பு போகக் கழுவிய பிறகு பயன்படுத்த வேண்டும். கீரை, வெண்டை, கத்தரி, தக்காளி ஆகியவற்றுக்கு இந்தக் கலவை போதும். வளர்ப்புப் பைகளைத் தரையிலிருந்து சற்று உயர்த்தி இரும்பு நிலைச்சட்டத்தில் வைத்தால் தண்ணீர் வடியும் வாட்டம் தடைபடாது, தளமும் காயும். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் உப்புநீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், ஏ.சி. சொட்டும் நீர் நல்லது. கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைக்கும் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். 2016 டிசம்பரில் சென்னையைக் கடந்த வர்தா போன்ற புயலில் நான்காவது மாடியிலிருந்து ஒரு தொட்டி விழுந்தால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016, மொட்டை மாடியைப் பொதுப் பகுதிகளில் ஒன்றாகவே பட்டியலிடுகிறது. செடி வளர்ப்பவர் தரைத்தளத்தில் குடியிருப்பார், ஒழுகுவதோ மேல்தளத்து வீட்டின் படுக்கையறையில். சங்கக் கூட்டத்தில் சண்டை மூண்ட பிறகு பொறியாளரைத் தேடுவதைவிட, முதல் பையை வைப்பதற்கு முன்பே அழைத்துக் காட்டினால் ஆகும் செலவு மிகக் குறைவு.

கனடாவின் டொரண்டோ மாநகரம் 2009-இல் பெரிய புதிய கட்டடங்களுக்குப் பசுமைக் கூரையைக் கட்டாயமாக்கியபோது, சுமை, நீர்த்தடுப்பு, வடிகால், காற்றின் வேகம் ஆகியவற்றுக்கான தர விதிகளையும் உடன் வகுத்தது. நம் மாநிலத்திலும் 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிச் செயல்படுத்திக் காட்டிய அனுபவம் இருக்கிறது. எனவே, மாடியின் ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு சுமை கணக்கிடப்பட்டிருக்கிறது என்ற ஒரே ஒரு வரியைக் கட்டட அனுமதி வரைபடத்தில் எழுதுவதையும், அதன் நகலை வீடு வாங்குவோரிடம் கொடுப்பதையும் கட்டாயமாக்க அரசு முன்வர வேண்டும். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் வழங்கும் மாடித்தோட்டத் தளையில் (பொருள் தொகுப்பில்) விதை, நார்க்கட்டி, உயிர் உரம் ஆகியவற்றோடு, பைகளை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது என்று காட்டும் அரைப்பக்கப் படம் ஒன்றையும் சேர்க்கலாம். தாங்களும் அடுத்த முறை மாடித்தோட்டப் படங்களை வெளியிடும்போது, அந்தத் தொட்டிகளின் மண் ஆழத்தையும், அவற்றைத் தாங்கும் தளம் தோட்டத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டதா என்பதையும் படத்தின் அடியில் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர்,
மேற்கு மாம்பலம், சென்னை.