கேமராவுக்குக் குறைவாக, ஃபிலிமுக்கு அதிகமாக

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி தணிந்து மறுபடி நடக்க ஆரம்பித்திருக்கிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். உன் வீட்டுச் சின்னவள் ஃபிலிமில் படம் எடுக்கக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள், எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்டிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து வேறு நினைப்பே இல்லை எனக்கு.

இருக்கும் பணத்தையெல்லாம் கேமராவில் போட்டுவிடாதே. கேமரா ஒரே முறை செலவு. ஃபிலிம் வாங்குவது, கழுவுவது, ஸ்கேன் செய்வது எல்லாம் ரோலுக்கு ரோல் வந்துகொண்டே இருக்கும். கேமராவில் மிச்சம் பிடிக்கும் பணம்தான் அவளுக்குப் பாடமாகப் போகிறது.

என் தேர்வு, எல்லாவற்றையும் கையால் திருப்பி வைக்கிற மெக்கானிக்கல் எஸ்எல்ஆர், அதாவது லென்ஸ் வழியாகவே பார்த்துப் படம் எடுக்கும் கேமரா. பென்டாக்ஸ் கே1000 இதற்கென்றே பெயர் வாங்கியது. 1976 முதல் 1997 வரை வந்தது. பேட்டரி, வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும்தான், அது தீர்ந்தாலும் ஃபிலிமுக்கு வெளிச்சத்தைத் திறந்து மூடும் ஷட்டர் ஓடும். கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் வெளிச்ச அளவைக் காட்டும் ஒரு முள் தெரியும். லென்ஸின் துவாரமான அபெர்ச்சரைத் திறந்தால் முள் ஏறும், ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் இறங்கும். இந்த இரண்டுக்கும் உள்ள கணக்கு எத்தனை புத்தகம் படித்தாலும் இவ்வளவு சீக்கிரம் மனதில் பதியாது. ஆனால் பெயர் பெற்றதாலேயே அதன் விலையும் ஏறிவிட்டது. அதே குடும்பத்து பென்டாக்ஸ் கேஎம் கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் செல்ஃப் டைமரும் உண்டு. யாஷிகா எஃப்எக்ஸ்-3 கிடைத்தாலும் விடாதே. கேனான் ஏஇ-1 அழகான கேமராதான், ஆனால் பேட்டரி இல்லாவிட்டால் அதில் ஷட்டரே அசையாது. முதல் கேமராவாக அதை நான் சொல்ல மாட்டேன்.

பெயரைவிட நிலைமையைப் பார். பின்கதவைத் திறந்து, ஃபிலிம் இல்லாமல், ஷட்டர் வேகத்தை ஒரு நொடியில் வைத்து அழுத்து. ஷட்டர் ஒரு நொடி திறந்திருந்து மூட வேண்டும், இழுத்துக்கொண்டு நிற்கக் கூடாது. பிறகு மற்ற வேகங்களையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார். லென்ஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை தெரிகிறதா என்று கவனி, தெரிந்தால் வேண்டாம். பேட்டரி அறையில் பச்சை படிந்திருந்தால் மீட்டர் ஓடுகிறதா என்று சந்தேகப்படு. கதவோரத்து நுரைப்பட்டை பொடிந்து ஒட்டுவது பழைய கேமராக்களில் சகஜம். அதைச் சுலபமாக மாற்றலாம், அதற்காக நல்ல கேமராவை விட்டுவிடாதே.

மீட்டர் மட்டும் செத்து, மற்றதெல்லாம் சரியாக இருந்தால் விலையைக் குறைத்துக் கேள். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 400 ஃபிலிமுக்கு (ஐஎஸ்ஓ என்பது ஃபிலிம் வெளிச்சத்தை உணரும் அளவு) அபெர்ச்சர் எஃப்/16, ஷட்டர் வேகம் 1/500 நொடி வைத்தால் படம் வந்துவிடும். நிழலுக்குப் போகப்போக அபெர்ச்சரை ஒவ்வொரு படியாகத் திறக்கட்டும்.

லென்ஸ் 50 மி.மீ. ஒன்று போதும். ஜூம் இப்போது வேண்டாம், அவள் நடந்து கிட்டே போகட்டும். ஃபிலிமும் ஒன்றே போதும். இல்ஃபோர்டு ஹெச்பி5 பிளஸ் கருப்பு வெள்ளை, வெளிச்சக் கணக்கு கொஞ்சம் முன்பின் போனாலும் தாங்கும். அப்புறம் ஒரு சின்ன நோட்டு வாங்கிக் கொடு. ஒவ்வொரு படத்துக்கும் அபெர்ச்சரும் வேகமும் எழுதி வைக்கச் சொல். ஃபிலிமில் அந்த விவரம் பதியாது, கழுவி வரும்போது எதனால் இருண்டது, எதனால் வெளுத்தது என்று நோட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

எதையாவது பார்த்து வைத்தால், காசு கொடுப்பதற்கு முன் அதன் படங்களை எனக்கு அனுப்பு, லென்ஸையும் பேட்டரி அறையையும் கிட்டத்தில் எடுத்து. பார்த்துவிட்டு உடனே எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்