சின்னப் பிள்ளைகளுக்கு லீவு வீட்டுப்பாடம் வேண்டாம்: கடலூர்ப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கும், தலைமை ஆசிரியர்களுக்கும், எல்.கே.ஜி. முதல் இரண்டாம் வகுப்பு வரை பாடம் எடுக்கும் ஆசிரியைகளுக்கும்,

வணக்கம்.

கடலூரில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் தாய் நான். பெரியவள் இரண்டாம் வகுப்பு, சின்னவன் யு.கே.ஜி. அரையாண்டு லீவும் பொங்கல் லீவும் அடுத்தடுத்து வரப்போகின்றன. அதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இரண்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு லீவில் வீட்டுப்பாடம் கொடுக்காதீர்கள். எழுத்து வேலையும் வேண்டாம், புராஜக்டும் வேண்டாம், படம் ஒட்டி ஐந்து வாக்கியம் எழுதி வருவதும் வேண்டாம்.

எந்தப் பள்ளி என்று பெயர் சொல்லப்போவதில்லை. சொல்லவும் அவசியமில்லை. எங்கள் தெருவில் நான்கைந்து பள்ளிகளின் வேன் வந்து போகிறது. லீவு விட்டதும் அத்தனை வீட்டிலும் ஒரே மாதிரி சீட்டுதான் டைரியில் ஒட்டி வருகிறது. நான்கு கோடு நோட்டில் தினம் ஒரு பக்கம், 1 முதல் 100 வரை திரும்பத் திரும்ப, இங்கிலீஷ் ரைம்ஸ் மனப்பாடம், அதோடு ஒரு சார்ட். பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் ஸ்டேஷனரி கடைகளைப் போய்ப் பாருங்கள். தெர்மாகோலும் கிளிட்டரும் வாங்க அம்மாக்களும் அப்பாக்களும்தான் நிற்பார்கள். அந்த புராஜக்டைச் செய்யப்போவதும் அவர்கள்தான். ஐந்து வயதுப் பிள்ளை கையில் கட்டரைக் கொடுத்து தெர்மாகோல் வெட்டச் சொல்ல யாருக்கும் மனசு வராது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஃபெவிகால் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பான். நாம் வெட்டி, நாம் ஒட்டி, அவன் பெயரை மட்டும் அவன் கையால் எழுத வைப்போம். நீங்கள் அதற்கு ஸ்டார் போட்டு அனுப்புவீர்கள்.

போன பொங்கலன்று எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். வாசலில் கல் கூட்டி வெண்கலப் பானை வைத்திருந்தோம். என் அம்மா, பிள்ளைகளுக்கு ஆயா, அடுப்பைத் தள்ளிக்கொண்டிருந்தார். மகள் உள்ளே தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். முதல் நாள் எழுதாத பக்கமும் சேர்ந்துகொண்டதால் மிஸ் திட்டுவார்கள் என்று அவளுக்குப் பயம். பால் பொங்கும் நேரத்தில் எல்லோரும் சத்தம் போட, பென்சிலோடு எழுந்து ஓடி வந்தாள். அதற்குள் பொங்கி வழிந்து முடிந்துவிட்டது. “இன்னொரு தடவை பொங்க வையுங்க ஆயா” என்று கேட்டாள். மறுநாள் அதே பிள்ளைக்கு, பிரிண்ட் எடுத்து வந்த பொங்கல் பானைப் படத்தைச் சார்ட்டில் ஒட்டி, பொங்கலைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதிக்கொடுத்தோம். எனக்கு அதை ஒட்ட மனசே வரவில்லை.

இது என் ஒருத்தியின் வருத்தம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன், சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று உத்தரவிட்டார். அதே ஆண்டு நவம்பரில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் இதையே எல்லா மாநிலங்களுக்கும் சுற்றறிக்கையாக அனுப்பியது. அதில்தான் இந்த இரண்டு வகுப்புப் பிள்ளைகளின் பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்றும் இருந்தது. பிறகு 2020இல் வந்த பள்ளிப்பைக் கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்கிறது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்கூட வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம்தான். சாதாரண நாளுக்கே கணக்கு இப்படி இருக்கும்போது பண்டிகை நாளில் தினம் ஒரு பக்கம் என்பது எந்த வகையில் சரி? ஒன்றாம் வகுப்புக்கே இல்லை என்றால் எல்.கே.ஜி.யைப் பற்றிப் பேசவே வேண்டாம். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் விளையாட்டுமாகத்தான் சொல்லித் தருகிறார்கள். தனியார் பள்ளியில் பணம் கட்டிப் படிக்கும் பிள்ளைக்கு மட்டும் ஏன் இந்தக் கட்டாயம்?

லீவில் பிள்ளைகள் சும்மா இருப்பார்கள் என்று நினைக்கிறீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அதனால் எங்கள் வீடுகளில் இந்த நாட்களில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மார்கழி பிறந்தால் என் மகள் ஆயாவோடு விடியற்காலையில் எழுந்துவிடுகிறாள். குளிருக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கோலமாவுக் கிண்ணத்தோடு வாசலில் உட்காருவாள். நேர்ப்புள்ளி என்றால் வரிசைக்கு இரண்டு இரண்டாகக் குறையும், 7, 5, 3, 1. ஊடுபுள்ளி என்றால் ஒவ்வொன்றாகக் குறையும், 7இல் தொடங்கி 4இல் நிறுத்தலாம். இது அவளுக்கு இப்போது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஒரு புள்ளி தப்பினால் கோலம் கூடாது. எங்கே தப்பியது என்று அவளே எண்ணிக் கண்டுபிடிக்கிறாள். கழித்தல் கணக்கில் நோட்டைப் பார்த்து அழுத பிள்ளை இவள். சின்னவனுக்குச் சாணி உருண்டையில் பூசணிப்பூ செருகி வைப்பதுதான் வேலை. அதை வேறு யாரும் தொடக் கூடாது.

ரேஷன் கடையில் பொங்கல் தொகுப்பு வாங்க இரண்டு பேரும் தாத்தாவோடு போவார்கள். அரிசி, சர்க்கரையோடு முழுக் கரும்பு கொடுக்கும் வருஷங்களில் அந்தக் கரும்பைத் தூக்கி வருவதில் பெரிய சண்டை நடக்கும். தாத்தா பழைய கரும்பு விவசாயி. கணு எதற்கு, அதில் இருக்கும் பரு எது, கரணை வெட்டி நட்டால் அது எப்படி முளைக்கும் என்று கடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் காட்டுவார். ஒரு கரணையை வெட்டி வாளி மண்ணில் நட்டும் கொடுத்தார். நெல்லிக்குப்பத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே சர்க்கரை ஆலை வந்த மண் இது. ஆலைக்குப் போன கரும்பு வேறு, கடித்துத் தின்னும் பன்னீர்க் கரும்பு வேறு என்பது இங்கே வளரும் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அப்புறம் ஆற்றுத் திருவிழா. வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர்களுக்காகச் சொல்கிறேன். மற்ற ஊர்களில் காணும் பொங்கலோடு பண்டிகை முடிந்துவிடும். கடலூர், விழுப்புரம், புதுச்சேரிப் பக்கத்து ஆட்களுக்கு அது தை 5ஆம் தேதிதான் முடியும். ஜனவரி 18 அல்லது 19ஆக வரும். சுற்றுவட்டாரக் கோயில்களிலிருந்து சாமிகளை அலங்கரித்து, வண்டிகளில் ஏற்றி, மேளத்தோடு தென்பெண்ணைக்குக் கொண்டுவந்து தீர்த்தவாரி நடத்துவார்கள். மணலில் கால் வைக்க இடமிருக்காது. ராட்டினம், பலூன், மிளகாய் பஜ்ஜி, வளையல், குவியல் குவியலாகச் சிறுவள்ளிக்கிழங்கு. அந்தக் கிழங்கை வாங்காமல் எங்கள் வீட்டில் யாரும் ஆற்றைவிட்டு ஏறுவதில்லை. ராத்திரியே மண் போகக் கழுவி வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் தோலை உரித்துத் தின்ன வேண்டும். சின்னவன் வாயை ஊதி ஊதித் தின்பான்.

போன திருவிழாவில் அவன் கேட்ட முதல் கேள்வி, சாமி ஏன் நம்ம பாத்ரூமில் குளிக்காமல் இங்கே வருது என்பது. அடுத்தது, இந்தத் தண்ணி எங்கிருந்து வருது. தாத்தா மணலில் குச்சியால் கோடு போட்டார். கர்நாடகத்தில் நந்தி மலை, இறங்கி வந்து கிருஷ்ணகிரி, அப்புறம் சாத்தனூர் அணை, கடைசியில் நம் ஊர்க் கடல். 2024 ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூரில் திறந்துவிட்ட தண்ணீர் எப்படி இந்தக் கரையெல்லாம் ஏறி ஊருக்குள் வந்தது என்று மகள் தானாக எடுத்துச் சொன்னாள். அந்த டிசம்பரில் உறவுக்காரர் வீட்டு மாடியில் போய்த் தங்கியது அவளுக்கு மறக்கவில்லை. குச்சிக் கோட்டில் காலை வைத்து நந்தி மலையிலிருந்து கடல் வரைக்கும் இரண்டு பேரும் நடந்து நடந்து பார்த்தார்கள்.

இந்தத் திருநாள் பெரும்பாலும் பள்ளி திறந்த பிறகோ திறக்கும் நாளிலோ வந்து விழுகிறது. மத்தியானம் பிள்ளையைக் கூப்பிட வந்தால் முகத்தைச் சுளிக்கிறார்கள், அன்றைக்கென்று டெஸ்ட் வைக்கிறார்கள். உள்ளூர் விடுமுறை விடுவது உங்கள் கையில் இல்லை, புரிகிறது. மத்தியானத்துக்கு மேல் சின்ன வகுப்புகளை அனுப்பிவைப்பதும், டெஸ்டை ஒரு நாள் தள்ளிவைப்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

பொங்கல் கொண்டாடாத வீடுகளும் உங்கள் வகுப்பில் உண்டு. எங்கள் பக்கத்து வீட்டில் கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் வைக்கோல் பரப்பிக் குடில் கட்டுவார்கள். ஆட்டுக்குட்டி பொம்மை கடன் கேட்டு எங்கள் வீட்டுக்கு வருவார்கள். முதுநகரில் என் தோழி வீட்டில் பெருநாளுக்கு முந்தின ராத்திரி பிறை தெரிகிறதா என்று பார்க்க மொட்டை மாடியில் குழந்தைகள்தான் முதலில் ஏறுவார்கள். அந்தந்த வீட்டுக்கு அந்தந்தப் பாடம் இருக்கிறது.

உங்கள் பக்க நியாயத்தையும் யோசித்துப் பார்த்தேன். பெற்றோர்களே கேட்கிறார்கள் என்று ஒரு ஆசிரியை என்னிடம் சொன்னார். உண்மைதான். வேலை கொடுக்காவிட்டால் செல்போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் என்று சொல்லும் அம்மாக்கள் எனக்கும் தெரியும். ஆனால் இப்போது வீட்டுப்பாடமே வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. ரைம்ஸ் வீடியோ லிங்கும் அதில்தான். போனைக் கையில் கொடுத்துத்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டியிருக்கிறது. மழை லீவு விட்டாலும் இதே கதை. கலெக்டர் லீவு அறிவித்த அரை மணி நேரத்தில் குரூப்பில் ஒர்க்‌ஷீட் வந்துவிடுகிறது. கரண்ட் இல்லாத வீட்டில், போனில் சார்ஜ் இல்லாமல், அதை எப்படிப் பார்ப்பது? விட்ட நாளை ஈடுகட்டத்தான் சனிக்கிழமை வகுப்பு வைக்கிறீர்களே, அது போதாதா?

பண்டிகை நாளில்கூட லீவு கிடைக்காத பெற்றோரையும் நினைத்துப் பாருங்கள். ஜவுளிக்கடையில், ஆஸ்பத்திரியில், சிப்காட்டில் ஷிப்ட் பார்ப்பவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர். ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு திரும்பிப் பிள்ளையோடு இருக்கக் கிடைக்கும் ஒரு மணி நேரமும் ‘எழுதினியா, ஏன் எழுதலை’ என்று போகிறது. எழுத்து மறந்துபோகும் என்ற கவலை வேண்டாம். எழுதப் பழகிய கை பத்து நாளில் மறக்காது, மறந்தாலும் இரண்டு நாளில் நீங்களே பிடித்துக்கொடுத்துவிடுவீர்கள். அந்தத் திறமை உங்களிடம் உண்டு என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

லீவு விடும் அன்று பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லி அனுப்ப முடியுமென்றால் இதைச் சொல்லுங்கள்: பெரியவர்கள் கூட இல்லாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது. சில்வர் பீச்சில் அலை இழுக்கும், ஆற்றில் மணல் எடுத்த பள்ளம் வெளியே தெரியாது. 2022 ஜூனில் நெல்லிக்குப்பம் பக்கம் கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் குளிக்கப் போன 7 பேர் மூழ்கி இறந்தார்கள், அதில் சிறுமிகளும் இருந்தார்கள். நாங்கள் எத்தனை தடவை சொன்னாலும், மிஸ் சொன்னால்தான் எங்கள் பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்த ஐந்து நிமிடம் எந்த ஒர்க்‌ஷீட்டையும்விடப் பெரிது.

பள்ளி திறந்த முதல் நாளில் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசவிடுங்கள். ஊருக்குப் போனது, கிழங்கு தின்றது, மாட்டுக்குக் கொம்பில் பெயின்ட் அடித்தது, எதைச் சொன்னாலும் சரி. எதுவும் சொல்ல விரும்பாத பிள்ளை சும்மா உட்கார்ந்து கேட்கட்டும்.

இந்த ஆண்டு அரையாண்டு லீவுக்கான சீட்டு இன்னும் அச்சுக்குப் போயிருக்காது என்று நம்புகிறேன். இரண்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளின் சீட்டில் பள்ளி திறக்கும் தேதி மட்டும் இருந்தால் போதும். பொங்கல் சீட்டிலும் அப்படியே.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்,
மஞ்சக்குப்பம், கடலூர்.