மத்தியானத்து நோ

கொக்குவில்
ஞாயிறு பின்னேரம்

அன்பு மகள் வாணிக்கு,

மூன்று ஞாயிறுகளாக உன்னுடைய அழைப்பு வரவில்லை. ஆய்வுகூடத்தில் வேலை கூட என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நீ அனுப்பிய கட்டுரைகளை அகராதியோடு இருந்து இரண்டு முறை வாசித்தேன். வாசிகசாலையில் நாலு பேருக்குக் காட்டியும் விட்டேன்.

கரு உண்டாகி 28ஆம் நாளளவில், மூளையாகவும் முள்ளந்தண்டு வடமாகவும் வளரப்போகும் நரம்புக்குழாய் மூடிவிடும் என்று எத்தனையோ வகுப்புகளுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டியவன் நான். அந்நேரம் பல பெண்களுக்குத் தாங்கள் பிள்ளைத்தாச்சி என்பதே நிச்சயமாகத் தெரிந்திராது என்பதை இப்போதுதான் யோசிக்கிறேன். ஃபோலிக் அமிலக் குளிசையை, நாளுக்கு 400 மைக்ரோகிராம், முன்கூட்டியே தொடங்கச் சொல்வது அதனால்தானே. பொதுவாகத்தான் எழுதுகிறேன்.

நீ இப்போது 'எங்கட ஊர்' என்று சொல்கிற ஒக்லாந்தில், தாய் வயிற்றிலிருந்த செம்மறிக்குட்டிகளின் மூளைக்குப் போகும் இரத்தத்தைச் சிறிது நேரம் தடுத்து, பின்னர் தலையைக் குளிர்வித்து நரம்புக்கலங்களைக் காப்பாற்றிய 1997ஆம் ஆண்டுக் கட்டுரை என்னை வியக்க வைத்தது. கலங்கள் உடனே சாவதில்லை, சில மணித்தியாலம் தாக்குப்பிடித்துப் பிறகுதான் விழுகின்றன என்பதால், பிறக்கும்போது மூளைக்குப் பிராணவாயு போதாமல் போன பிள்ளைகளையும் பிறந்து ஆறு மணித்தியாலத்துக்குள் தொடங்கி 72 மணித்தியாலம் குளிர்விக்கிறார்கள். ஆனால் இந்தியா, இலங்கை, பங்களாதேசம் ஆகிய நாடுகளில் 408 குழந்தைகளை வைத்துச் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், குளிர்வித்த பிள்ளைகளிடையே இறப்புக் கூடியிருந்தது. இங்கத்தைய பிள்ளைகளின் மூளைப் பாதிப்புப் பிறப்பதற்கு நெடுநேரம் முன்பே தொடங்கிவிடுவதும் ஒரு காரணமாகலாமாம்.

அந்த 'நெடுநேரம் முன்பே' என்ற இடத்தைத் தாண்ட என்னால் முடியவில்லை.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி அம்மாவுக்கு மத்தியானமே நோ தொடங்கிவிட்டது. பொய்நோவாக இருக்கும், பொறு என்றேன். பின்னேரம் எல்லோரையும் ஊரை விட்டு வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கி அறிவித்த பிறகும், காணி உறுதியையும் பித்தளைச் சாமான்களையும் கிணற்றடியில் புதைத்து முடிக்கும் வரை புறப்படவில்லை. நீ சைக்கிள் பாரில் நித்திரை. செம்மணி வெளியில் மழைக்குள் நின்ற சனத்தைத் தாண்டி நாவற்குழிப் பாலத்தைக் கடக்க விடியப் பார்த்தது. தம்பி பிறந்தபோது அழவில்லை. நகங்கள் நாவற்பழ நிறத்தில் இருந்தன.

அம்மா பப்பாசிப்பழம் சாப்பிட்டதுதான் காரணம் என்று அப்பாச்சி சொன்னபோதும், பிறகு அம்மாவழிக் குறை என்று மற்றவர்கள் கதைத்தபோதும், விலங்கியல் படிப்பித்த நான் வாய் திறக்கவில்லை. அம்மா இன்றைக்கும் பப்பாசியைத் தொடுவதில்லை. எந்த நேரத்தில் என்ன நடந்தது என்று ஒருவராலும் அறுதியாகச் சொல்ல முடியாது என்று நீ முன்னொருமுறை எனக்கு ஆறுதல் சொன்னாய். மத்தியானத்துக் கதையை நான் உனக்குச் சொல்லியிருக்கவில்லை. அந்த வழிக்குறைக் கதையைக் கேட்டு வளர்ந்தவள் நீ. அதை மனதில் வைத்து எதையும் தள்ளிப்போடாதே, பிள்ளை.

குளிசையை மறக்காதே. மருமகனையும் சுகம் கேட்டதாகச் சொல்.

தம்பிக்குச் சளி குறைந்துவிட்டது. ஞாயிறு பின்னேரமானால் இடப்பக்கம் தலையைச் சரித்துத் தொலைபேசியைப் பார்த்தபடி இருக்கிறான். இப்போதும் அப்படித்தான் இருக்கிறான்.

அன்புடன்,
அப்பா